வினாமேடையில் விழுவோரும் நிற்போரும்

கல்வியை அளந்து பார்க்க மனிதன் ஏற்படுத்திக்கொண்ட கருவிகள் பல. மாணாக்கனுக்குப் பரீட்சை உண்டு. உத்தியோகம் நாடுவோனுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. புலவனுக்குச் சபை உண்டு. இவற்றோடு நம் காலத்தில் மற்றொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே தொலைக்காட்சி வினாவிடைப் போட்டி. ஒருவர் வினவுகிறார்; மற்றொருவர் விடையிறுக்கிறார்; இலட்சக்கணக்கான மக்கள் தத்தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, அவ்விருவருக்கும் இடையே தாங்களும் புகுந்து விடை கூறுகின்றனர். தோட்டத்து லயத்திலும் பட்டணத்து அடுக்குமாடியிலும் இக்காட்சி ஒன்றே.

இப்போட்டிகளைப் பற்றி நம்மவரிடையே இருவிதமான அபிப்பிராயங்கள் உலவுகின்றன. 'இது நாகரிக உடை உடுத்த சூதாட்டம்' என்பது ஒன்று. 'இது தலையெழுத்து, கொடுத்து வைத்தவனுக்குக் கிடைக்கும்' என்பது மற்றொன்று. இரண்டும் ஆராய்ந்து கூறப்பட்டவை அல்ல. பகடை உருட்டுபவன் எத்தனை நூல்களைக் கற்றிருந்தாலும் பகடை அதனைப் பொருட்படுத்துவதில்லை. இங்கோ கற்றது கைகொடுக்கிறது. தலையெழுத்து என்று கூறுவோரோ, தோற்றவர் எந்தப் படியில், எதனால் தோற்றார் என்று நின்று பார்ப்பதேயில்லை. பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் படிப்பகத்திற்கு வரும் வாலிபர் ஒருவர் என்னிடம் இவ்வாறு வினவினார்: "ஐயா, நிறையப் படித்தவர் அங்கே பாதியில் தோற்கிறார், அவ்வளவு படியாதவர் மேலே ஏறிவிடுகிறார். அப்படியானால் படிப்பினால் என்ன பிரயோஜனம்?" பகலெல்லாம் கடையில் நின்று உழைத்துவிட்டு, இரவில் பரீட்சைக்குப் படிக்க வருபவர் அவர். ஆதலின் அவ்வினா பொழுதுபோக்கிற்காக எழுந்ததன்று. படிப்பின்மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையே அதில் ஊசலாடிக்கொண்டிருந்தது. "தம்பி, அந்த மேடையில் அளக்கப்படுவது ஒன்றன்று, இரண்டு. எவ்வளவு தெரியும் என்பது ஒன்று. தெரிந்தது எது, தெரியாதது எது என்று தமக்கே தெரியுமா என்பது மற்றொன்று. படித்தவர் பலர் தோற்பது இரண்டாவதில்" என்று அவரிடம் கூறினேன். சுருங்கச் சொன்ன அதனை இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன்.

நெடுநாளாக இவ்வாட்டங்களைக் கண்டு வருபவன் நான். என் கண்கள் பரிசுத் தொகையைக் காட்டிலும் போட்டியாளரின் முகத்தையே நாடும். விடை அறிந்தவர் முகத்தில் அமைதி உண்டு. முற்றிலும் அறியாதவர் முகத்திலும் ஒருவகை அமைதி உண்டு; அவர் புன்னகையோடு கைவிரித்து விடுவார். பாதி அறிந்தவர் முகத்தில்தான் போராட்டம் எல்லாம். 'எங்கோ படித்தோமே' என்னும் எண்ணம் அவரை முன்னே தள்ளுகிறது, 'சரிதானா?' என்னும் ஐயம் பின்னே இழுக்கிறது. நான் கண்டவரை, மேலே ஏறி விழுந்தவர்களுள் பெரும்பாலோர் இம்மூன்றாம் வகையினரே. அறியாமை ஒருவரை நிறுத்துகிறது. அரைகுறை அறிவோ அவரைத் தள்ளிவிடுகிறது.

ஆட்டத்தின் அமைப்பே இதற்கு ஏற்றபடி வகுக்கப்பட்டிருக்கிறது. 1998ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனேர்' என்னும் போட்டி, 2000ஆம் ஆண்டில் அமிதாப் பச்சன் நடத்த, 'கௌன் பனேகா கரோர்பதி' என்ற பெயரில் இந்தியில் வந்தது. தமிழிலும் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' சன் தொலைக்காட்சியில் வந்தது. இந்தியில் வந்த முதற்பருவத்தின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 15 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் காட்டப்படும், ஒன்றே சரி. 5ஆம் வினாவைக் கடந்தால் 10,000 ரூபாயும், 10ஆம் வினாவைக் கடந்தால் 3,20,000 ரூபாயும் உறுதி; அதன்பின் தவறினாலும் அத்தொகை கைவிட்டுப் போகாது. 14ஆம் வினாவில் 50 இலட்சம். 15ஆம் வினாவில் ஒரு கோடி. எந்தப் படியிலும் வினாவைப் பார்த்துவிட்டு, 'போதும்' என்று சொல்லி, அதுவரை வென்றதை வாங்கிக்கொண்டு எழுந்து போகலாம்.

14ஆம் படியில் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். கடைசி வினாவிற்குச் சரியான விடை கூறினால் மேலும் 50 இலட்சம் கிட்டும். தவறினால் 46,80,000 ரூபாய் போய், 3,20,000 மிஞ்சும். ஏட்டுக் கணக்கின்படி, இந்நிலையில் நிற்கும் நூறு பேரில் 49 பேருக்கு விடை சரியாக வாய்க்குமானால் ஆடுவதே இலாபம். ஏறத்தாழப் பாதி நம்பிக்கை இருந்தாலே போதும் என்று கணக்கு கூறுகிறது.

ஆனால் மனிதன் ஏட்டில் வாழ்வதில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவனுக்கு முதல் 50 இலட்சமும் இரண்டாம் 50 இலட்சமும் ஒன்றாகா. முதலாவது கடனை அடைக்கும், கூரை அமைக்கும், பிள்ளைகளைப் படிக்க வைக்கும். இரண்டாவது அவ்வாழ்வை இன்னும் கொஞ்சம் அகலமாக்கும், அவ்வளவே. முன்னதை இழந்தால் வாழ்வே மாறிப்போகும். பின்னதை அடையாவிட்டால் ஒன்றும் கெடுவதில்லை. ஆதலின் பாதி நம்பிக்கையோடு நிற்கும் ஏழை எழுந்து போவது கோழைத்தனமன்று. அவன் கணக்கில் அதுவே அறிவுடைமை.

எங்கள் அண்டை வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மாலையில் எங்கள் கூடத்தில் அமர்ந்து வினாவிடை பார்ப்பார். புராணம், பழமொழி, பயிர், சமையல் பற்றிய வினா வந்தால் நடத்துபவர் வாசித்து முடிக்குமுன் விடை கூறிவிடுவார். வேறு வினா வந்தால், "அது எனக்குத் தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார். இரண்டிற்கும் நடுவே ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. திரையில் ஒருவர் தயங்கித் தயங்கி விடையைத் தொடப் போகும்போது மட்டும் அவருக்குப் பொறுக்காது: "வேண்டாம் ஐயா, கிடைத்ததை வாங்கிக்கொண்டு எழுந்திரு!" பட்டம் பெற்றோர் பலரிடம் காணாத தெளிவு அது.

'கூடத்தில் அமர்ந்து சொல்வது எளிது, மேடையில் அமர்ந்தால் தெரியும்' என்று அன்பர்கள் கூறலாம். உண்மைதான். விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும். நாடே பார்க்கிறது என்னும் நினைவு நாவை உலரச் செய்யும். அறிந்த பெயரும் மறந்து போகும். வள்ளுவர் கல்வி என்று ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அவையறிதல் என்றும் அவையஞ்சாமை என்றும் தனித்தனியே அதிகாரங்கள் வகுத்ததன் காரணம் இதுவன்றோ? கற்றல் ஒரு திறன். கற்றதைச் சபை நடுவே தடுமாறாது எடுத்துக் கொடுத்தல் வேறொரு திறன்.

அமெரிக்காவில் நடைபெறும் 'ஜெப்பர்டி' என்னும் போட்டியில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே மூவர் ஒருங்கே நிற்பர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு விசை. நடத்துபவர் குறிப்பை வாசித்து முடித்த பிறகே விசை வேலை செய்யும். அவசரப்பட்டு முன்னரே அழுத்தியவரின் விசை கால் விநாடி அடைபட்டுவிடும். அதற்குள் பக்கத்தில் நிற்பவர் முந்திக்கொள்வார். விடை மூவருக்கும் தெரிந்திருக்கலாம், பணம் ஒருவருக்கே. அறிவோடு பொறுமையும் கைப்பழக்கமும் சேராவிட்டால் அங்கே நிற்க முடியாது.

அவ்வாட்டத்தில் ஐந்து நாள் வென்றவர் விலக வேண்டும் என்றிருந்த விதி 2003இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே கென் ஜென்னிங்ஸ் என்னும் கணிப்பொறித் துறையினர் தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்று, 25 இலட்சத்திற்கு மேற்பட்ட அமெரிக்க வெள்ளியைச் சேர்த்தார். 2004 நவம்பர் 30ஆம் நாள் ஒளிபரப்பான 75ஆம் ஆட்டத்தில், கடைசிக் குறிப்பு வருவதற்கு முன் அவரிடம் 14,400 வெள்ளி. எதிரில் நின்ற நான்சி சர்க் என்னும் பெண்மணியிடம் 10,000 வெள்ளி. ஊழியரில் பெரும்பாலோர் ஆண்டில் நான்கு மாதங்களே வேலை செய்யும் நிறுவனம் எது என்று கேட்கப்பட்டது. வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் 'எச் அண்ட் ஆர் பிளாக்' என்பது சரியான விடை. பெண்மணி அதனை எழுதினார். ஜென்னிங்ஸ் அஞ்சற் பொதி நிறுவனமாகிய 'ஃபெட்எக்ஸ்' என்று எழுதினார். அவர் 8,799 வெள்ளிக்கு இறங்க, பெண்மணி 14,401 வெள்ளிக்கு ஏறினார். ஆயிரக்கணக்கான விடைகளை அறிந்த மனிதர் ஒரே ஒரு விடையில் வீழ்ந்தார். அவரை வென்றவரோ அடுத்த ஆட்டத்திலேயே தோற்றார். வென்றவரெல்லாம் பேரறிஞர் என்றோ, தோற்றவரெல்லாம் அறிவிலிகள் என்றோ முடிவு கட்டுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜென்னிங்ஸ் பிற்காலத்தில் அதே ஆட்டத்தை நடத்துபவராகவும் அமர்ந்தார்.

எல்லையறிதல் எவ்வளவு வலியது என்பதற்கு அவ்வரங்கிலேயே மற்றொரு சான்று உண்டு. அது மனிதரிடமிருந்து வந்ததன்று. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஐபிஎம் நிறுவனம் ஆக்கிய 'வாட்சன்' என்னும் கணிப்பொறி, ஜென்னிங்ஸையும் பிராட் ரட்டர் என்னும் மற்றொரு பெருவீரரையும் எதிர்த்து ஆடிற்று. இறுதியில் இயந்திரத்திற்கு 77,147 வெள்ளி; ஜென்னிங்ஸுக்கு 24,000; ரட்டருக்கு 21,600. ஆயினும் இடையில் அது நகைப்பிற்கிடமான பிழை ஒன்றும் செய்தது. அமெரிக்க நகரங்கள் என்ற தலைப்பில், சிகாகோ என்று கூற வேண்டிய இடத்தில், கனடாவில் உள்ள டொரொண்டோவைக் கூறிற்று. பார்த்தோர் நகைத்தனர். நான் வியந்தது வேறொன்றைக் கண்டு. அவ்விடையின் அருகே அது கேள்விக்குறிகளை வரிசையாக இட்டிருந்தது. அதன்மீது அது பந்தயமாக வைத்த தொகை 947 வெள்ளி மட்டுமே! தனக்கு ஐயம் இருக்கிறது என்பதை அது அளந்து வைத்திருந்தது.  பந்தயத் தொகையும் சிறிதாக இருந்தமையால், பிழை செய்தும் அது பெரிதாக இழக்கவில்லை.

தம் எல்லையை அறிந்தவர் பிறர் துணையையும் நன்றாகப் பயன்படுத்துவார். மில்லியனேர் போட்டியில் மூன்று துணைகள் கொடுக்கப்பட்டன: தவறான விடைகள் இரண்டை நீக்கச் செய்தல், நண்பரைத் தொலைபேசியில் அழைத்தல், அரங்கினரைக் கேட்டல். ஜேம்ஸ் சுரோவியெக்கி என்பவர் 2004இல் வெளியிட்ட நூலில், தொலைபேசியில் அழைக்கப்பட்ட நண்பர் நூற்றுக்கு 65 முறையும், அரங்கில் கூடியிருந்த பெயரறியாத மக்கள் நூற்றுக்கு 91 முறையும் சரியாகக் கூறினர் என்று எழுதியிருக்கிறார். இது எவ்வாறு? அரங்கில் 100 பேர் இருக்க, 20 பேருக்கே விடை தெரியும் என்று கொள்வோம். மற்ற 80 பேர் குருட்டுவாக்கில் பொத்தானை அழுத்தினால் நான்கு விடைகளுக்கும் 20, 20 ஆகச் சிதறுவர். சரியான விடைக்கு மட்டும் 20உடன் 20 சேர்ந்து 40 ஆகும். தெரியாதவர் சிதறுவதால் தெரிந்தவர் குரல் எழும்பி நிற்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே தவறான செய்தியைப் பாதி கேட்டிருந்தால், அனைவரும் ஒரே பக்கம் சாய்ந்து, கேட்டவரையும் கூடவே சாய்த்துவிடுவர். கூட்டத்தைக் கெடுப்பதும் அறியாமையன்று, அரைகுறை அறிவே.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. 1999 நவம்பரில் அமெரிக்காவில் அப்போட்டியின் உச்சப் பரிசை முதன்முதல் வென்ற ஜான் கார்பெண்டர், அதுவரை எந்தத் துணையையும் நாடவில்லை. கடைசி வினாவில், நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் தோன்றிய அமெரிக்க ஜனாதிபதி யார் என்று கேட்கப்பட்டபோது, தம் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தார். உதவி கேட்பதற்காகவன்று, தாம் பத்து இலட்சம் வெள்ளி வெல்லப் போவதைத் தெரிவிப்பதற்காகவே! பின்பு நிக்ஸன் என்று விடை கூறினார். அது செருக்கன்று. அறிந்ததை அறிந்தது என்று உணர்ந்தவன் அடையும் உறுதி.

இத்தகைய மேடையில் வஞ்சகம் புகுந்தால் என்னாகும்? தருமி கதையை நாம் கூத்திலும் திரைப்படத்திலும் கண்டிருக்கிறோம். பொற்கிழிக்கு ஆசைப்பட்டுப் பிறர் எழுதிக் கொடுத்த பாட்டைத் தனதென்று சபையில் வாசித்து, குற்றம் கேட்கப்பட்டபோது விழித்து நின்றவன் அவன். 1956ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ட்வெண்டி ஒன்' என்னும் வினாவிடை ஆட்டத்தில் அக்கதை வேறொரு வடிவில் நடந்தது. ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் வாரந்தோறும் வென்று வந்தார். அவருக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்தவர்கள் ஆட்டத்தை நடத்தியவர்களே. பார்ப்போரின் ஆவல் தணிந்தபோது, அவரைத் தோற்கும்படி பணித்தனர். 1955ஆம் ஆண்டின் சிறந்த படமாக ஆஸ்கார் பெற்றது எது என்ற வினாவிற்கு 'மார்ட்டி' என்பது விடை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் வேறொரு படத்தின் பெயரைச் சொன்னார். அவருக்கு எதிராக நிறுத்தப்பட்டு வென்ற சார்லஸ் வான் டோரன், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர். புகழ்பெற்ற கவிஞர் ஒருவரின் மைந்தர். அவருக்கும் விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. 1959 நவம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகப் பதவியும் போயிற்று. 1960இல் இவ்வகை ஏமாற்றைத் தடுக்கச் சட்டமும் இயற்றப்பட்டது.

இவ்விருவரில் எவர் நிலை அதிகம் இரங்கத்தக்கது? அறியாததை அறிந்ததுபோல் நடித்தவரை உலகம் கண்டித்தது; அது முறையே. ஆனால் அறிந்ததை அறியாததுபோல் நடிக்கப் பணிக்கப்பட்டவரை எண்ணும்போது என் நெஞ்சம் வேகிறது. 'உனக்குத் தெரியும், ஆயினும் தெரியாது என்று சொல். அதுவே எங்களுக்கு இலாபம்' என்று ஒரு மனிதனிடம் கூறுவதைவிடக் கொடிய அவமதிப்பு உண்டோ? முதலாளி முன்னும் மேலதிகாரி முன்னும் தெரிந்ததை விழுங்கிக்கொண்டு நின்ற தலைமுறைகளின் வழிவந்த நமக்கு இதன் கசப்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நேர்மையாக வென்றவருக்கும் சோதனை மேடையோடு முடிவதில்லை. பீகார் மாநிலத்து மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார், சொற்பச் சம்பளத்தில் கணிப்பொறி இயக்குநராக இருந்தவர். 2011இல் கௌன் பனேகா கரோர்பதியில் 5 கோடி ரூபாய் வென்றார். நிக்கோபார் தீவுகளை 1868இல் ஆங்கிலேயருக்கு விற்ற நாடு எது என்பது கடைசி வினா. டென்மார்க் என்பது விடை. தரங்கம்பாடிக் கோட்டையை எழுப்பியதும், 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கே விற்றதும் அதே நாடுதான். கடற்கரைச் சரித்திரம் அறிந்த தமிழ்ப் பிள்ளை ஒருவன் அதிலிருந்து ஊகித்திருக்கக்கூடிய விடை அது. அத்தகைய வினாவைக் கடந்தவர், பின்னாளில் தாம் பட்ட பாட்டை 2020இல் தாமே எழுதி வெளியிட்டார். நன்கொடை என்று கேட்டவர்களை நம்பி ஏமாந்ததையும், படிப்பு பின்தங்கியதையும், மதுவும் புகையும் பற்றிக்கொண்டதையும், பின்பு அவற்றை விட்டு மீண்டதையும் ஒளிக்காமல் கூறினார். வினா கேட்பவர் நான்கு விடைகளைக் காட்டி, 'உறுதியா?' என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறார். பணத்தோடு வீட்டு வாசலில் வந்து நிற்கும் வாழ்க்கையோ விடைகளையும் காட்டுவதில்லை. உறுதியா என்று கேட்பதுமில்லை.

பெண்களுக்காகவே தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி' போட்டியில், 2020 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாய் வென்றார். அவர் நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளர். செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். காதும் நாவும் வினாவிடைக்கு முதற்கருவிகள் என்று எண்ணியிருந்தோர்க்கு அவர் அளித்த விடை மிகப் பெரிது. தலையெழுத்து என்று சொல்லி மூலையில் உட்கார்ந்திருக்க அவரினும் அதிகக் காரணம் உடையவர் யார்? அவர் உட்காரவில்லை, படித்தார். படித்ததில் எது தம்முடையது என்று அறிந்து, மேடை ஏறினார்.

இவற்றிலிருந்து நம் வாலிபரும் பெண்களும் கைக்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. குறிப்பேட்டின் பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தெரிந்ததை ஒரு பக்கம் எழுதுங்கள். தெரியாததை மற்றொரு பக்கம் எழுதுங்கள். தெரிந்ததுபோல் இருப்பதை நடுவில் எழுதுங்கள். பரீட்சையிலும், வியாபாரத்திலும், பொதுமேடையிலும் நம்மைக் கவிழ்ப்பது அந்த நடுப்பத்தியே. வாரம் ஒருமுறை அதனை எடுத்து, நூலைப் பார்த்தும் அறிந்தாரைக் கேட்டும், ஒவ்வொன்றையும் முதற்பத்திக்கு மாற்றுங்கள். மாற்ற இயலாததைத் தெரியாததன் கீழ் எழுதிவிடுங்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை.

பிள்ளைகளோடு அமர்ந்து வினாவிடை பார்க்கும் பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தவறாகச் சொன்னால் நகையாதீர்கள். ஊகித்துச் சொன்னது சரியாக வாய்த்தால் கைதட்டாதீர்கள். 'எப்படித் தெரியும்?' என்று மட்டும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை எந்த மேடையிலும் நிற்கும். தெரியாது என்று சொல்லக் கூசாத வீட்டில்தான் தெரிந்துகொள்ளும் ஆசை வளரும்.